மூண்டு கிழமையில மேடை: பேச்சை மனப்பாடம் பண்ணுறதா, பார்த்து வாசிக்கிறதா?

தங்கச்சி, நீங்க கேட்டதை ஒருக்கா சுருக்கிச் சொல்லிட்டு தொடங்குறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். உங்கட பள்ளிக்கூடத் தமிழ் டீச்சர்ட கவிதைத் தொகுப்பு வெளியீடு வெள்ளவத்தை தமிழ்ச் சங்கத்தில நடக்கப்போகுது, இன்னும் மூண்டு கிழமை இருக்கு, உங்களுக்கு நயவுரை, அதாவது புத்தகத்தில ரசிச்சதைச் சொல்லுற பேச்சு, 10 நிமிசம். ஆறு பக்கம் எழுதி முடிச்சிட்டீங்க. ஆனா பள்ளிக்கூட காலத்தில தமிழ்த்தினப் போட்டிக்கு வலயம் தாண்டி மாகாணம் வரைக்கும் போய் அங்க நடுவில வசனம் மறந்து நிண்டதில இருந்து மைக்கைக் கண்டாலே பயம். இப்ப நீங்க கேட்கிறது: மனப்பாடம் பண்ணுறதா பார்த்து வாசிக்கிறதா, கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகினா காணுமா, கை நடுங்கினா என்ன செய்யிறது, டீச்சருக்கு முதலே காட்டணுமா.

கொழும்பில கனகாலமா மேடைகள்ல கதைச்சும், பிள்ளைகளுக்கும் ஒஃபிஸ் ஆக்களுக்கும் பழக்கியும் வாற ஆள் நான், அந்த அனுபவத்தில இருந்தும் வாசிச்சதில இருந்தும் சொல்லுறன். எல்லாத்துக்கும் என்ட பதில் ஒரே இடத்தில தான் வந்து நிக்கும். நீங்க இதுவரைக்கும் பேச்சை கையால தயாரிச்சிருக்கீங்க, இனி வாயால தயாரிக்கணும், மிச்சமிருக்கிற மூண்டு கிழமையும் அதுக்குத்தான்.

முதல் அந்த ஆறு பக்கத்தையும் எடுத்து, எழும்பி நிண்டு, போன்ல டைமர் போட்டு, மேடையில கதைக்கிற வேகத்தில சத்தமா வாசிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள வாசிச்சுப் பார்த்தது கணக்கில்ல, கண் வாயை விட எவ்வளவோ வேகமா ஓடும். இங்கிலீஸ் புத்தகங்கள்ல நிமிசத்துக்கு 130, 150 சொல் எண்டு ஒரு கணக்கு இருக்கும், அதை தமிழுக்கு எடுக்காதீங்க, இங்கிலீசில நாலஞ்சு சொல்லாச் சொல்லுறதை நாங்க ஒட்டி ஒரே சொல்லா எழுதிடுவம், அதால தமிழ்ல நிமிசத்துக்கு வாற சொல் நல்லாவே குறைவு. உங்கட வாயிலயே அளந்து பாருங்க, அதுதான் சரியான கணக்கு. ஆறு பக்கம் எண்டா பெரும்பாலும் 10 நிமிசத்தைத் தாண்டிப் போயிடும் எண்டு நினைக்கிறன்.

அதோட உங்களுக்குத் தந்த 10 நிமிசம் மேடைக்குப் போகேக்க 10 நிமிசமா இருக்குமெண்டு நம்பாதீங்க. எங்கட வெளியீட்டு விழாக்கள் எப்பிடி நடக்கும் எண்டு உங்களுக்கே தெரியும், ஐந்து மணி எண்டு கார்ட்ல இருக்கும், மங்கல விளக்கேத்தவே அஞ்சரை தாண்டும், பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எண்டு ஒவ்வொருத்தரும் தங்கட நேரத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நயவுரை வரேக்க அறிவிப்பாளர் வந்து காதுக்குள்ள "கொஞ்சம் சுருக்கமா" எண்டு சொல்லிட்டுப் போவார். அதால எட்டு நிமிசத்துக்குத் தயாரியுங்க, அதுக்குள்ளயே அஞ்சு நிமிசப் பேச்சு ஒண்டும் இருக்கணும், எந்தப் பகுதியைத் தூக்கினாலும் பேச்சு குலையாதோ அந்தப் பகுதியை இப்பவே தெரிவு செய்து வைச்சிருங்க. மேடையில நிண்டு கொண்டு எதை வெட்டுறது எண்டு யோசிக்கிறது தான் கன பேரை தடுமாற வைக்கிறது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் எண்ட பேச்சுப் பயிற்சிக் கழகங்கள்ல இதை நல்லாப் பழக்குவாங்க, 1924ல ரால்ஃப் ஸ்மெட்லி எண்டவர் கலிஃபோர்னியாவில சான்டா அனா எண்ட ஊர்ல தொடங்கினது, இப்ப கொழும்பில நிறைய இருக்கு, தமிழ்ல நடக்கிறதும் இருக்கு. அங்க அஞ்சிலிருந்து ஏழு நிமிசப் பேச்சு எண்டா அஞ்சாம் நிமிசம் பச்சை லைட், ஆறில மஞ்சள், ஏழில சிவப்பு போடுவாங்க, சில மாசம் அதுக்குள்ள கதைச்சுப் பழகினா மணிக்கூடு உங்கட உடம்புக்குள்ளயே ஓடத் தொடங்கிடும். உங்களுக்கு மூண்டு கிழமை தான் இருக்கு, அதால போன் டைமர் காணும்.

இனி என்ன கதைக்கிறது எண்ட விசயம். நீங்க எழுதினதை நான் பார்க்கேல்ல, ஆனா முதல் நயவுரை செய்யிற ஆக்கள் எல்லாரும் தொகுப்பில இருக்கிற எல்லாக் கவிதையையும் தொடப் பார்ப்பாங்க, ஒண்டை விட்டா டீச்சர் மனம் நோகுமோ எண்ட பயத்தில. மண்டபத்தில இருக்கிற ஆக்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் புத்தகத்தை இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க, டீச்சர்ட சொந்தக்காரர், கூடப் படிப்பிச்ச ஆக்கள், பழைய மாணவிகள், அவங்களுக்குப் போய் 40 கவிதையின்ட பட்டியல் சொன்னா ஒண்டும் நிக்காது. மூண்டு கவிதை எடுங்க, அதுக்கு மேல வேண்டாம். அந்த மூண்டையும் ஒரு நூல்ல கோர்க்கிற மாதிரி ஒரே ஒரு வசனம் கண்டுபிடியுங்க, "இந்த டீச்சர் வகுப்பில ஒருநாளும் சொல்லாத ஒரு விசயத்தை கவிதையில சொல்லியிருக்கிறா" எண்ட மாதிரி, உங்களால மட்டும் சொல்ல ஏலுமான ஒண்டு. பேராசிரியர் ஒருத்தர் ஆய்வுரை செய்யப்போறார் எண்டா அந்த வேலையை அவர் பார்த்துக்கொள்ளுவார், படிமம் குறியீடு எல்லாம் அவருக்கு விடுங்க. உங்கள ஏன் கூப்பிட்டாங்க? நீங்க அந்த டீச்சரிட்ட படிச்ச பிள்ளை, அதுக்குத்தான். அந்த இடத்தில இருந்து கதையுங்க.

சரி, மனப்பாடம். இதை கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏனெண்டா உங்கட பயத்தின்ட வேர் இங்கதான் இருக்கு.

தமிழ்த்தினப் போட்டிக்கு எங்கட பிள்ளைகளை எப்பிடிப் பழக்குறம்? ஆசிரியர் எழுதித் தருவார், அம்மா வீட்டில பாடமாக்க வைப்பா, பிள்ளை ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு இராகம், ஒரு கை அசைவு எல்லாம் சேர்த்து மனசில ஏத்திடும். இந்த மாதிரி ஏத்தினது ஒரு சங்கிலி, ஒரு வசனம் தான் அடுத்த வசனத்தை இழுத்துக்கொண்டு வரும், கருத்து இழுத்துக்கொண்டு வராது. யாரோ கதவை டமார் எண்டு சாத்தினாலோ, முன் வரிசையில ஒருத்தர் போன் எடுத்தாலோ ஒரு கண்ணி அறும், பிறகு அடுத்த வசனம் எங்க இருக்கு எண்டு தேடுறதுக்கு வழியே இல்ல, திருப்பி முதல்ல இருந்து தொடங்கினாத் தான் வரும். உங்களுக்கு நடந்தது இதுதான், உங்களுக்கு ஞாபகசக்தி குறைவு எண்டோ தைரியம் இல்லை எண்டோ அர்த்தமில்ல. அந்த முறையில யாருக்கும் நடக்கும். வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கே நடந்தது, 1904 ஏப்ரல்ல, அவர் அப்ப இளம் எம்.பி., பாடமாக்கிக்கொண்டு போய் பாராளுமன்றத்தில கதைச்சுக்கொண்டு இருக்கேக்க நடுவில ஒரு வசனம் அப்பிடியே நிண்டு போச்சு, தேடித் தேடிப் பார்த்தும் வரேல்ல, நன்றி சொல்லிட்டு இருந்திட்டார். அதுக்குப் பிறகு அவர் குறிப்பில்லாம பெரிய பேச்சுகளுக்குப் போறதில்ல, உலக யுத்த காலத்தில நாங்க கேட்டு வியக்கிற பேச்சுகள் எல்லாம் தாள்ல பாட்டு வரி மாதிரி துண்டு துண்டா உடைச்சு அடிச்சு கையில வைச்சுக்கொண்டு பேசினது.

அப்ப பார்த்து வாசிக்கவா எண்டு கேட்பீங்க. ஆறு பக்கத்தையும் குனிஞ்சு வாசிச்சா சனம் உங்கட தலைமுடியைத் தான் பார்க்கும். அதோட எழுத்துத் தமிழ் காதுக்கு வேற மாதிரிக் கேட்கும், எழுதேக்க "அவரது கவித்துவ ஆளுமையின் பன்முகப் பரிமாணங்களை" எண்டு சும்மா எழுதிட்டுப் போயிடுவம், அதை வாசிச்சா உங்கட வாயே அதை நம்பாது, கேட்கிற ஆக்களும் நம்ப மாட்டாங்க.

நான் சொல்லிக்குடுக்கிற முறை இது. முதல் மூண்டு வசனமும் கடைசி ரெண்டு வசனமும் மட்டும் சொல்லுக்குச் சொல் பாடம், நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் வரணும். ஏனெண்டா மேடை ஏறின முதல் அரை நிமிசம் மூளை வேலை செய்யாது, வாய் தானா ஓடணும், கடைசியில எப்பிடி முடிக்கிறது எண்டு தெரியாம "இன்னும் ஒரு விசயம்" "கடைசியா ஒண்டு" எண்டு இழுக்கிறதும் நடக்கக் கூடாது. நடுவில இருக்கிறதெல்லாம் கருத்தா மட்டும் இருக்கட்டும், கையளவு கார்ட்ல அஞ்சாறு சொல்லு, பெரிய எழுத்தில. கவிதை வரிகளை பாடமாக்க வேண்டாம், புத்தகத்தையே கையில எடுத்துக்கொண்டு போங்க, மூண்டு இடத்திலயும் கலர் துண்டு வைச்சு அடையாளம் பண்ணிட்டு, அந்த இடம் வரேக்க புத்தகத்தைத் திறந்து நிதானமா வாசியுங்க. வெளியீட்டு விழாவில புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறதை விட அழகான காட்சி ஒண்டும் இல்ல, உங்களுக்கும் அந்த நேரம் மூச்சு எடுக்க ஒரு இடைவெளி கிடைக்கும், ஆசிரியர்ட ஒரு சொல்லும் மாறாது.

நடுப்பகுதியை வாய்க்குக் கொண்டு வாறதுக்கு நல்ல வழி வட்ஸ்அப் வொயிஸ் நோட். உங்கட நெருங்கிய சிநேகிதி ஒருத்திக்கு, இலக்கியம் அவ்வளவா வாசிக்காத ஒருத்தி எண்டா இன்னும் நல்லம், முதல் கவிதையைப் பற்றி ரெண்டு நிமிசம் சொல்லி அனுப்புங்க, தாளைப் பார்க்காம. "அடியே, டீச்சர் ஒரு கவிதை எழுதியிருக்கிறா, அதில என்னெண்டா..." எண்டு தொடங்கும். பிறகு நீங்களே அதைப் போட்டுக் கேளுங்க. அதில வந்த சொல்லுகள் தான் உங்கட பேச்சு, அதைக் கொஞ்சம் மேடைக்கு ஏத்த மாதிரி நிமிர்த்தினாக் காணும். முழுக்க வீட்டுப் பேச்சா இருக்கணும் எண்டும் இல்ல, "அடியே" எல்லாம் மேடையில வராது தானே, வகுப்பில ஒரு நல்ல டீச்சர் பாடம் நடத்துற தமிழ் இருக்கே, அந்த அளவு. இன்னொண்டு, மைக்கைக் கண்டதும் இந்திய டி.வி. அறிவிப்பாளர் மாதிரியோ பட்டிமன்றக்காரர் மாதிரியோ குரலை மாத்துற பழக்கம் எங்கட பிள்ளைகளிட்ட கூடிக்கொண்டு வருது, தயவு செய்து அதைச் செய்யாதீங்க. வெள்ளவத்தையில வளர்ந்த பிள்ளை வெள்ளவத்தைப் பிள்ளையாவே கதைக்கட்டும், அந்த மண்டபத்தில இருக்கிறவங்க எல்லாம் எங்கட ஆக்கள்.

நல்ல பேச்சாளர் எண்டா அந்த இடத்திலயே நிண்டு அப்பிடியே கொட்டுவார் எண்டு ஒரு நம்பிக்கை இருக்கு எங்கட சனத்திட்ட. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28ம் திகதி வொஷிங்டன்ல பேசினதைத் தான் இதுக்கு உதாரணமாச் சொல்லுவாங்க. எழுதிக்கொண்டு வந்ததை வாசிச்சுக்கொண்டு போகேக்க பக்கத்தில இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் "கனவைப் பற்றிச் சொல்லுங்க மார்ட்டின்" எண்டு சத்தம் போட, அவர் தாளை விட்டுட்டு "எனக்கு ஒரு கனவு இருக்கு" எண்ட பகுதிக்குப் போனார், உண்மைதான். ஆனா அந்தக் கனவுப் பகுதியை அதே வருசம் ஜூன்ல டெட்ராய்ட்ல ஒருக்கா பேசியிருந்தார், அதுக்கு முதலும் பேசியிருக்கிறார். அந்தப் பகுதி அவர்ட வாய்க்கு ஏற்கனவே பழகி இருந்தது, அதாலதான் தாள் இல்லாம வந்தது. எங்கட பக்கத்திலயும் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ம் திகதி வண்ணார்பண்ணை சிவன் கோவில்ல முதல் பிரசங்கம் செய்ததோட நிப்பாட்டேல்ல, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாத் தொடர்ந்து செய்தார். திருப்பித் திருப்பி ஆக்களுக்கு முன்னால வாய் திறக்கிறது தான் பயிற்சி.

இப்ப ஒத்திகை. கண்ணாடியை நான் விரும்புறதில்ல. கண்ணாடிக்கு முன்னால நிண்டா பேச்சைக் கேட்கிற ஆக்களை நீங்க பார்க்க ஏலாது, உங்கட முகத்தைத் தான் பார்த்துக்கொண்டு இருப்பீங்க, பாதி மூளை "முடி சரியா இருக்கா" எண்டதில போயிடும், மேடையில அப்பிடி ஒரு முகம் எதிர்ல வரப்போறதும் இல்ல. அதுக்குப் பதிலா போனை எங்கயாவது சாய்ச்சு வைச்சு வீடியோ எடுங்க, பிறகு பாருங்க. ஒருக்கா சத்தத்தை நிப்பாட்டிட்டு படம் மட்டும் பாருங்க, கை என்ன செய்யுது, கால் மாத்தி மாத்தி ஆடுதா எண்டு தெரியும். இன்னொருக்கா போனைக் கவிழ்த்து வைச்சிட்டு சத்தம் மட்டும் கேளுங்க, "வந்து", "என்ன சொல்லுறதெண்டா", "உண்மையிலயே" எண்டதெல்லாம் எத்தனை தரம் வருது, வசனத்தின்ட கடைசிச் சொல்லை விழுங்குறீங்களா எண்டு கேட்கும். எங்கட ஆக்களுக்கு இந்தக் கடைசிச் சொல் பிரச்சினை நிறைய இருக்கு, தமிழ்ல வினைச்சொல் கடைசியில தானே வாறது, "செய்தார்" ஆ "செய்யவில்லை" ஆ எண்டதே அங்கதான் இருக்கு, அதை விழுங்கினா பின்வரிசைக்கு முழு வசனமும் வீண்.

திருப்பித் திருப்பி வாசிச்சாப் பழகிடும் எண்டு நினைக்காதீங்க. 2006ல ரோடிகர், கார்பிக் எண்ட ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களை வைச்சு இதைப் பார்த்தாங்க, ஒரு பந்தியை ஒரு பகுதி ஆக்கள் திரும்பத் திரும்ப வாசிச்சாங்க, மற்றவங்க வாசிச்சிட்டு மூடி வைச்சு ஞாபகத்தில இருந்து எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு சோதிச்சா திரும்ப வாசிச்சவங்க தான் முன்னுக்கு, ஒரு கிழமைக்குப் பிறகு சோதிச்சா ஞாபகத்தில இருந்து எடுத்துப் பழகினவங்க நல்லா முன்னுக்கு. பேச்சுக்கும் இதேதான், தாளை மூடிட்டு, தடுமாறினாலும் பரவாயில்ல எண்டு, கார்டை மட்டும் பார்த்து கதைக்கிறது தான் பதியும். அதோட ஒரே நாள்ல மூண்டு மணித்தியாலம் இருக்கிறதை விட ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம் நல்லது, எப்பிங்ஹவுஸ் எண்ட ஜெர்மன்காரர் 1885லயே இதைக் காட்டிட்டார்.

முதல் கிழமை துண்டு துண்டாப் பழகுங்க. இண்டைக்கு ரெண்டாவது கவிதை மட்டும், நாளைக்கு முடிவு மட்டும். எப்பவும் தொடக்கத்தில இருந்து தொடங்குற ஆக்களுக்கு தொடக்கம் மட்டும் பளபளப்பா இருக்கும், நடுப்பகுதி பச்சையாவே கிடக்கும், அதால வேணுமெண்டே நடுவில இருந்து தொடங்குங்க. ரெண்டாவது கிழமை முழுசா, எழும்பி நிண்டு, சத்தமா. கொழும்பில இதுக்கு இடம் தான் பிரச்சினை, எனக்குத் தெரியும், பிளட்ல சுவருக்கு அங்கால இருக்கிற ஆக்களுக்குக் கேட்கும், வீட்டில தம்பி படிக்கிறான், அம்மா நாடகம் பார்க்கிறா. வெள்ளவத்தை ஒழுங்கையால இறங்கி கடற்கரைப் பக்கம் போங்க, பின்னேரம் அலைச் சத்தத்துக்குள்ள யாரும் உங்களைக் கவனிக்கவும் மாட்டாங்க, குரலும் நல்லாத் திறக்கும். டெமொஸ்தெனிஸ் எண்ட கிரேக்கப் பேச்சாளர் கடற்கரையில நிண்டு அலைக்கு மேலால கத்திப் பழகினார் எண்டு பழைய கதை ஒண்டு இருக்கு. றெயில் பாதையைக் கடக்கேக்க மட்டும் கவனம், இயர்போனைக் கழட்டிட்டுக் கடவுங்க, பேச்சை யோசிச்சுக்கொண்டு தண்டவாளத்தில நடக்கவே வேண்டாம்.

வீட்டிலயும் அமைதிக்காகக் காத்திருக்காதீங்க, டி.வி. ஓடேக்க, குக்கர் விசில் அடிக்கேக்க, தம்பி குறுக்க நடக்கேக்க கதைச்சுப் பழகுங்க, மண்டபத்தில இதை விடக் கூட அசைவு இருக்கும். மூண்டாவது கிழமை ஆக்களுக்கு முன்னால, மூண்டு பேர் காணும். அதில ஒருத்தர் கவிதையே வாசிக்காத ஆளா இருக்கணும். முடிஞ்ச உடன "எப்பிடி இருந்தது" எண்டு கேட்காதீங்க, "நல்லா இருந்தது" எண்டு தான் சொல்லுவாங்க, அதால ஒரு பிரயோசனமும் இல்ல. "நான் என்ன சொன்னன், திருப்பிச் சொல்லுங்க பார்ப்பம்" எண்டு கேளுங்க. அவங்க சொல்லுறதில உங்கட அந்த ஒரு வசனம் இருக்கா எண்டு பாருங்க. இல்லையெண்டா பேச்சை மாத்துங்க, அவங்களை திருத்த வேண்டாம். அதே ஆக்களிட்டயே இன்னொரு உதவியும் கேளுங்க, நடுவில ஏதாவதொரு இடத்தில "நிப்பாட்டு" எண்டு சொல்லச் சொல்லுங்க. நீங்க நிப்பாட்டி, பத்து செக்கன் சும்மா நிண்டு, கார்டைப் பார்த்து, கடைசியாச் சொன்ன கருத்தை வேற சொல்லில ஒருக்கா சொல்லிட்டு தொடருங்க. பள்ளிக்கூடத்தில மறந்து நிண்ட அந்த நிமிசத்தை வீட்டிலயே பல தரம் கடந்து பார்த்திட்டா, மேடையில அது வந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்ச இடமா இருக்கும். தண்ணி ஒரு மிடறு குடிக்கிறதும் நல்ல உத்தி, சனத்துக்கு நீங்க தண்ணி குடிக்கிறது தான் தெரியும், தேடுறது தெரியாது.

விளித்தல் பற்றி ஒண்டு சொல்லணும், இது எனக்கு மனசில கிடக்கிற விசயம். தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே எண்டு உங்களுக்கு முதல் கதைச்ச அஞ்சு பேரும் முழுப் பட்டியலையும் சொல்லியிருப்பாங்க, ஆறாவதா நீங்களும் சொன்னா ஒரு நிமிசம் போகும், சனம் அந்த ஒரு நிமிசத்திலயே போனை எடுத்திடும். "தலைவருக்கும், எங்கட டீச்சருக்கும், சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்." அவ்வளவுதான், மரியாதைக் குறைவே இல்ல. பேர் சொல்லித்தான் ஆகணும் எண்டா முதல் நாளே ஏற்பாட்டாளரிட்ட எழுத்தில வாங்குங்க, கலாநிதியா பேராசிரியரா, சட்டத்தரணியா வைத்தியரா எண்டதெல்லாம் கேட்டு உறுதிப்படுத்துங்க. உங்கட கவிதை விளக்கத்தில பிழை வந்தா சபை மன்னிக்கும், பட்டத்தில பிழை வந்தா சம்பந்தப்பட்டவர் மன்னிக்க மாட்டார்.

நடுக்கம். முதல்ல தெரிஞ்சுகொள்ள வேண்டியது, உங்களுக்கு உள்ளுக்குத் தெரியிற அளவுக்கு அது வெளியில தெரியாது. சாவிட்ஸ்கி, கிலோவிச் எண்ட ரெண்டு பேர் 2003ல செய்த ஆய்வில, பேசப்போற ஆக்கள்ல ஒரு பகுதிக்கு இந்த உண்மையை முதலே சொல்லிட்டாங்க, உங்கட பதட்டம் நீங்க நினைக்கிற அளவுக்கு மற்றவங்களுக்குத் தெரியாது எண்டு. அதைக் கேட்டிட்டுப் போனவங்க மற்றவங்களை விட நல்லாப் பேசினாங்க, பார்த்துக்கொண்டு இருந்தவங்களும் அப்பிடித்தான் புள்ளி போட்டாங்க. இன்னொண்டு, 2014ல அலிசன் வுட் ப்ரூக்ஸ் எண்ட ஆய்வாளர் கண்டது, பதட்டத்தில இருக்கேக்க "அமைதியா இரு, அமைதியா இரு" எண்டு சொல்லிக்கொள்ளுறதை விட "எனக்கு ஆர்வமா இருக்கு, ஆசையா இருக்கு" எண்டு வாய்விட்டுச் சொன்னவங்க நல்லாப் பேசினாங்க. நெஞ்சு அடிக்கிறது ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான், அதை அடக்கப் பார்க்கிறது கஷ்டம், பேரை மாத்துறது லேசு. டீச்சர்ட புத்தகத்தைப் பற்றிக் கதைக்க உங்களுக்கு உண்மையிலயே ஆசை இருக்குத்தானே, அப்ப பொய்யும் இல்ல.

விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11ம் திகதி சிக்காகோவில பேசின நாள்ல காலையில பேச எழும்பத் துணிவில்லாம தள்ளித் தள்ளி பின்னேரம் தான் பேச எழும்பினார், நெஞ்சு படபடத்தது, நாக்கு காய்ஞ்சு போச்சு எண்டு பிறகு கடிதத்தில அவரே எழுதியிருக்கிறார். அவர் மேற்கில இருந்து திரும்பி வரேக்க முதல் கால் வைச்சது எங்கட கொழும்பில தான், 1897 ஜனவரி 15ம் திகதி, அடுத்த நாளே இங்க சொற்பொழிவு. அந்த மாதிரி ஒருத்தருக்கே நாக்கு காய்ஞ்சிருக்கு, உங்களுக்கு கை நடுங்குறதில ஒரு குறையும் இல்ல.

கையைப் பொறுத்தவரைக்கும், ஏ4 தாள் பிடிக்காதீங்க, நீளமான தாள் சின்ன நடுக்கத்தையும் பெருசாக்கிக் காட்டும், கெட்டியான சின்ன கார்ட் காட்டாது. புத்தகத்தை ரெண்டு கையாலயும் பிடியுங்க. உங்களைக் கூப்பிடுறதுக்கு முதல் மூச்சை உள்ள எடுக்கிறதை விட வெளியில விடுறதை நீளமாக்கி ஆறேழு தரம் விடுங்க. சில பேர் நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலோல் எண்ட குளிசையை சிநேகிதர் சொல்லக் கேட்டு போட்டுக்கொண்டு போறாங்க, டொக்டர் சொல்லாம அதைத் தொடவே வேண்டாம், இழுப்பு வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு அது ஆபத்து.

மண்டபத்தை முதலே ஒருக்கா போய்ப் பாருங்க. 57ம் ஒழுங்கை உங்களுக்கு நடக்கிற தூரம் தானே, வேற ஒரு கூட்டம் நடக்கிற நாள் போய் பின்வரிசையில இருந்து கேளுங்க, எந்தக் குரல் வந்து சேருது எந்தக் குரல் சேரேல்ல எண்டு விளங்கும். விழா நாளண்டு சனம் வாறதுக்கு முதல் போய் அந்த மேடையில ஏறி நிண்டு மைக்கில ரெண்டு வசனம் சொல்லிப் பாருங்க, தட்டாதீங்க, ஊதாதீங்க, உங்கட முதல் வசனத்தையே சொல்லுங்க. வாய்க்கும் மைக்குக்கும் இடையில ஒரு சாண் அளவு, உயரத்தை உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்த அந்த அண்ணாவிட்டக் கேளுங்க, உங்களுக்கு முதல் கதைக்கிறவர் உயரமான ஆள் எண்டா நீங்க வரேக்க திருப்பி மாத்தணும், அதுக்கு அஞ்சு செக்கன் எடுங்க, அவசரமே இல்ல. முகத்தைப் பக்கம் பக்கமாத் திருப்பினா சத்தம் வந்து வந்து போகும், அதையும் கவனியுங்க. சாறி உடுத்துறதா இருந்தா கடைசி ஒத்திகையை அதே சாறியோட, அதே செருப்போட செய்யுங்க. அண்டைக்கு காலி வீதி ட்ரஃபிக்கையும் கணக்கில எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்க.

கடைசியா நீங்க கேட்டது, டீச்சருக்குக் காட்டணுமா எண்டு. பேச்சைக் காட்ட வேண்டாம் எண்டு தான் நான் சொல்லுவன். காட்டினா அவ டீச்சர் தானே, சிவப்புப் பேனை எடுப்பா, நீங்களும் திருத்தினதை அப்பிடியே பாடமாக்கத் தொடங்குவீங்க, திருப்பி அந்த சங்கிலிக்குள்ள போயிடுவீங்க. ஆனா விபரங்களைக் கேளுங்க, எந்தக் கவிதை எந்த வருசம் எழுதினது, எந்தப் பத்திரிகையில முதல் வந்தது, யாருக்குச் சமர்ப்பணம், நீங்க வாசிக்கப்போற மூண்டு கவிதையிலயும் எங்க நிறுத்தி வாசிக்கணும் எண்டு. அந்த மூண்டையும் அவவிட்டயே ஒருக்கா வாசிக்கச் சொல்லி போன்ல ரெக்கோட் பண்ணி எடுத்துக்கொள்ளுங்க, எழுதின ஆளின்ட குரல்ல கேட்டா நீங்க எழுதி வைச்சிருக்கிற விளக்கம் சில இடத்தில மாறும், அதை இந்த முதல் கிழமைக்குள்ளயே செய்திடுங்க.